முழந்தாளும் ஒருசாலை மாணாக்கரும்

சத்திர சிகிச்சை முடிந்ததோ என்று கேட்பார் பலர்; அப்பியாசம் தொடங்கியதோ என்று கேட்பார் மிகச் சிலர். முழந்தாள் மாற்றிக்கொண்டவர் வீட்டுக்கு நலம் விசாரிக்க வருவோரின் வினாக்களை இரண்டாண்டுகளாகக் கவனித்து வருகின்றேன். வைத்தியர் யார், செலவு எவ்வளவு, தையல் எத்தனை, உள்ளே வைத்த உலோகம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பனவே அவை. தோடம்பழத்தையும் விசுக்கோத்துப் பெட்டியையும் மேசைமேல் வைத்துவிட்டு, "ஆறுதலாகப் படுத்திருங்கள், காலை அசைத்துவிடாதீர்கள்" என்று வாழ்த்திப் போவர். அந்நோயாளிக்கு அதனினுங் கொடிய சாபம் பிறிதொன்றில்லை என்பது என் துணிபு.

பிராசீன பாடசாலையொன்றில் இலக்கணங் கற்பிக்கும் ஒருவனுக்கு முழந்தாளைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று வாசகர் வினவலாம். உரிமை இரண்டு உண்டு. என் வலக்கால் முழந்தாள் ஐம்பத்தாறாம் வயதில் மாற்றப்பட்டது. முப்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றதன் கூலி அது என்பர் நண்பர். வைத்தியர் அதனை ஏற்றிலர்; இளமையிலே துவிச்சக்கர வண்டியிலிருந்து வீழ்ந்ததைக் காரணங் காட்டினார். மற்றைய உரிமை, அந்த முப்பது ஆண்டும் வகுப்பு என்பதொன்று எவ்வாறு இயங்குகின்றது என்பதை அருகிருந்து பார்த்தவன் யான் என்பது. இக்கட்டுரைக்கு முன்னதினும் பின்னதே பெரிதும் வேண்டப்படும்.

சத்திர வைத்தியர் செய்வது யாது? தேய்ந்துபோன தொடையெலும்பின் கீழ்நுனியையுங் கணைக்காலெலும்பின் மேல்நுனியையுஞ் சில மில்லிமீற்றர் அளவுக்குச் சீவி, அவற்றின்மேல் உலோகக் கவசம் பொருத்துவர். இரண்டுக்கும் இடையே வழுவழுப்பான வன்பிளாத்திக்குத் தட்டு ஒன்று இருக்கும். பெர்லின் நகரத்திலே 1890 ஆம் ஆண்டில் தெமிஸ்ரொக்கிளிஸ் குளுக் என்னுஞ் சத்திர வைத்தியர் யானைத் தந்தத்தாற் செய்த மூட்டைப் பொருத்திப் பார்த்தார். கிருமி புகுந்தமையால் அம்முயற்சி நிலைபெறவில்லை. இன்று உலகெங்குங் கையாளப்படும் வடிவங்களுக்கு வழிகாட்டியது, 1974 இல் நியூயோர்க்கிலே ஜோன் இன்சால் என்பாருங் கூட்டாளிகளும் பொருத்தத் தொடங்கிய மூட்டு. இப்போது ஒன்றரை, இரண்டு மணி நேரத்துள் வேலை முடிந்துவிடும். வளைந்திருந்த கால் நேராகிவிடும். ஆனால் நடை வந்துவிடுவதில்லை.

நடையைத் தருவது தசை. தொடையின் முன்புறத்தே நான்கு தலை கொண்ட பெருந்தசை ஒன்று உண்டு. நோவுக்கு அஞ்சிப் பல்லாண்டு நொண்டியவருக்கு அத்தசை சத்திர மேசையில் ஏறுமுன்னரே பாதி மெலிந்திருக்கும். சத்திர சிகிச்சையின் பின் ஒரு மாதத்துள், எஞ்சியிருந்த வலிமையிலும் பாதிக்கு மேல் குறைந்துவிடுகின்றது என்பது அளந்து கண்ட செய்தி. தசை வெட்டுண்டமை மட்டும் இதற்குக் காரணமன்று. மூட்டு வீங்கியிருக்கின்றது, நோகின்றது என்று அறிந்த நரம்புத் தொகுதி, அத்தசைக்குச் செல்லும் ஆணையைத் தானே தடுத்துக்கொள்கின்றது. தூக்கு என்று மனம் சொல்லும். கால் கட்டிலிற் கிடக்கும். என் கால் எனக்குக் கீழ்ப்படியாத அந்த முதல் மூன்று நாளும் யான் அடைந்த வியப்பு அச்சத்தினும் பெரிது.

இதனோடு மூட்டைச் சுற்றித் தழும்பு வளரத் தொடங்கும். அசையாத மூட்டிலே அது இறுகும். சமதரையில் நடப்பதற்கு முழந்தாள் 60 பாகைக்குச் சற்று மேல் மடங்கினாற் போதும். படி ஏறி இறங்குவதற்கு 80 முதல் 100 பாகை வரை வேண்டும். தாழ்ந்த கதிரையிலிருந்து கைதாங்காமல் எழுவதற்கும் 90 பாகையைக் கடத்தல் வேண்டும். ஆகவே 110 பாகையை எட்டுதல் நல்ல இலக்கு என்பர் இயன்மருத்துவர். நிலத்திலே குந்துவதற்கு அதுவும் போதாது. பாயில் இருந்து பாடங் கேட்ட எம்மனோர் அதனை இழந்தே ஆகல் வேண்டும். கோயிலிலே விழுந்து வணங்குவதையும் நின்று கும்பிடுவதாக மாற்றிக்கொள்ளல் வேண்டும். மடங்குவதைப் போலவே முழுதும் நீளுவதும் முக்கியம். நீளாத கால் குறுகிய காலாய்விடும்.

எமது அயலிலே ஒரு மூதாட்டியார் உளர். பெயர் வேண்டா. கடல்கடந்து வாழும் பிள்ளைகள் மூவரும் பணம் அனுப்பிக் கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலையொன்றில் அவருக்கு முழந்தாளை மாற்றுவித்தனர். வைத்தியர் தம் தொழிலிற் குறை வைத்தாரல்லர். ஐந்தாம் நாள் வீட்டுக்கு விடும்போது ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் ஒன்றைக் கையிற் கொடுத்தனர். பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றையும் நாளுக்கு மூன்று வேளை செய்க என்ற கட்டளை. அவ்வளவே. அம்மூதாட்டியார் தமிழ் மாத்திரம் வாசிப்பவர். உடனிருந்த மருமகள் மிக்க அன்புடையவர். அந்த அன்பு என்ன செய்தது? முழந்தாளின் கீழே மெத்தென்ற தலையணை ஒன்றை வைத்தது. மடிந்த காலுக்கு அது சுகமாயிருந்தது. சுகமாயிருந்தமையால் இரவும் பகலும் அங்கேயே இருந்தது. சாய்மனைக் கதிரைக்குச் சோறு வந்தது, தேநீர் வந்தது, தொலைபேசியும் வந்தது. மூன்று மாதத்தின் பின் அக்கால் முழுதும் நீளவுமில்லை, 60 பாகைக்கு மேல் மடங்கவுமில்லை. வைத்தியர் மயக்க மருந்து கொடுத்து வலிந்து மடக்கிப் பார்க்கலாம் என்றார். அவர் அஞ்சி மறுத்துவிட்டார். உலோகம் பழுதின்றி உள்ளே இருக்கின்றது. அவர் பஸ் வண்டியில் ஏறிக் கோயிலுக்குப் போய் ஓராண்டுக்கு மேலாகின்றது.

முழந்தாளின் கீழே தலையணை வைக்கலாகாது, வைப்பதாயிற் குதிக்காலின் கீழ் வைத்து முழந்தாளைத் தொங்கவிடுதல் வேண்டும் என்ற ஒரு வசனத்தை அம்மருமகளுக்கு எவரேனுந் தமிழிற் சொல்லியிருந்தால், இலட்சக்கணக்கான ரூபாவும் பத்து வருடத்து நோவும் வீண்போயிராவே என்று எண்ணும்போது எனக்குச் சினம் உண்டாகின்றது. படம் போட்ட தாள் பாடமாகாது. புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் பரீட்சைக்கு வா என்று சொல்லும் ஆசிரியனை ஊர் என்ன சொல்லும்?

இனி, என் கதை. என்னைச் சத்திர சிகிச்சை நடந்த மறுநாட் காலையிலேயே கட்டிலை விட்டு எழுப்பி, நாற்கால் சட்டத்தைப் பிடித்து நிற்கச் செய்தனர். அதுவே முறையும், இயலுமாயின் அன்றே, தவறினால் 24 மணி நேரத்துள் எழுப்புதல் வேண்டும் என்பது இங்கிலாந்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டி. வீட்டுக்கு வந்த இரண்டாங் கிழமை தொடக்கம், செவ்வாயும் வெள்ளியும், ஆறு கிழமை, ஓர் இயன்மருத்துவப் பகுதியிலே எண்மர் சேர்ந்து அப்பியாசஞ் செய்தோம். கூட்டாகச் செய்வதன் மேன்மையை ஆராய்ந்து அமைத்த ஏற்பாடு என்று அதனைச் சொல்ல முடியாது. அங்கிருந்த இளம் இயன்மருத்துவர் ஒருவர், காத்திருந்தோர் பலர். தனித்தனியே பார்க்க நேரம் இல்லாமையால் எண்மரையும் ஒரே அறையில் இருத்தினார். நல்ல காரியங்கள் சில இவ்வாறும் பிறக்கும்.

எண்மருள் ஒருவர் கடற்றொழிலாளர். ஒருவர் புகையிலைத் தோட்டத்திலே முதுகும் முழந்தாளுந் தேய உழைத்தவர். இளைப்பாறிய தாதியார் ஒருவர். கிளிநொச்சியிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வருபவர் ஒருவர். ஏனைய மூவரும் இல்லத்தரசியர். அந்த இளம் பெண்ணை எழுபது வயதினரும் "மிஸ்" என்றே அழைத்தனர். என்னை எல்லாரும் "மாஸ்ரர்" என்றனர். அங்கே கல்லாத மாணாக்கன் யானே. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழுதலும் இருத்தலும், குதிக்காலை நிலத்தில் இழுத்து முழந்தாளை மடக்குதல், காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை தூக்கி வைத்தல், ஒரு சாண் உயரமும் இல்லாத பலகைமேல் ஏறி இறங்குதல் என்பன பாடங்கள். படிக்கட்டுக்கு ஒரு விதி இருந்தது: ஏறும்போது நல்ல கால் முந்தும், இறங்கும்போது வெட்டிய கால் முந்தும். அவ்விதியைச் சூத்திரம்போலச் சேர்ந்து ஓதிக்கொண்டே ஏறினோம். முதலில் ஓதியவர் கடற்றொழிலாளர். அடியெடுத்துக் கொடுத்தவன் யான்.

மூன்றாங் கிழமையிலே புதிதாக ஓர் அம்மையார் வந்தார். முழந்தாளைத் தொட்டாலே அழுதார். மிஸ் சொல்லியும் மடக்கவில்லை. யான் சொன்ன நியாயமும் பலிக்கவில்லை. கடற்றொழிலாளர் தம் சாரத்தைச் சற்றே உயர்த்தித் தழும்பைக் காட்டி, "அக்கா, முதற்கிழமை நானும் உப்பிடித்தான் கத்தினனான். இப்ப பாருங்கோ" என்று தம் காலை மடக்கிக் காட்டினார். அம்மையார் அழுகையை நிறுத்திப் பார்த்தார். அன்று 50 பாகை. அடுத்த வெள்ளிக்கிழமை 70. அவரை மடக்க வைத்தது எதுவென்று வீடு திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன்.

விடை நன்னூலிலே கிடந்தது. மாணாக்கன் பாடங் கேட்கும் வகையைச் சொல்லுமிடத்துப் பவணந்தியார் ஒரு கணக்கு வைத்திருக்கின்றார். ஆசிரியன் உரைத்ததை எவ்வளவு செம்மையாகக் கேட்டவனுக்கும் அதனால் வாய்ப்பது காற்கூறு. உடன் கற்பாரோடு பழகுதலால் வருவது இன்னொரு காற்கூறு. மிகுதி அரைக்கூறும், தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும். கால் என்னுஞ் சொல் உறுப்பையும் நாலிலொரு பங்கையும் குறித்தலால், இப்பகுதியைப் படிக்கும்போது என் மாணவருட் சிலர் ஆண்டுதோறுஞ் சிரிப்பர். இனி யானுஞ் சிரிக்கலாம்.

இக்கணக்கை அந்த அறையிலே பொருத்திப் பாருங்கள். இயன்மருத்துவர் சொல்வதும் செய்து காட்டுவதும் முதற் காற்கூறு. அவருக்கு முழந்தாள் நோவில்லை. அவர் இருபத்தேழு வயதினர். அவர் மடக்குவதைக் கண்டு நோயாளி நம்பிக்கை கொள்ள வேண்டியதில்லை. தன்னைப்போல வெட்டுண்டவன், தன்னிலும் மூன்று கிழமை மூத்தவன் மடக்குவதைக் கண்டால் நம்புகின்றான். அஃது இரண்டாங் காற்கூறு. காட்டியவருக்கோ எஞ்சிய அரைக்கூறு. அன்று முதல் அக்கடற்றொழிலாளர் நேரந் தவறி வந்ததேயில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையின் பெருமிதம் அவர் முகத்திலே இருந்தது. வயதின் முறையன்றி வெட்டுண்ட நாளின் முறையாலே மூத்தோர் இளையோர் ஆகும் அத்தகைய வகுப்பை யான் வேறெங்குங் கண்டதில்லை.

இவ்வளவுங் கேட்டபின், கூட்டாகச் செய்வது தனியே செய்வதினும் மேலானது என்று நிறுவப்பட்டுளதோ என்று ஒருவர் கேட்பார். நிறுவப்படவில்லை, உள்ளதை உள்ளவாறே சொல்லுதல் வேண்டும். அவுஸ்திரேலியாவிலே 249 நோயாளரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினரைத் தனித்தனியாகவும், ஒரு பிரிவினரைக் கூட்டாகவும், ஒரு பிரிவினரைக் கண்காணிப்புடன் தம் வீட்டிலும் பயிற்றி, ஓராண்டு தொடர்ந்து பார்த்தனர். முடிவு 2013 இல் வெளியாயிற்று. ஒருவருக்கு ஒரு மருத்துவராக நின்று பயிற்றியது மற்றை இரண்டினுஞ் சிறந்ததாகக் காணப்படவில்லை. நாடு செல்வமுடையதாயின் இம்முடிவை ஒரு சுவையான செய்தி என்று வாசித்துவிட்டுப் போகலாம். எமக்கோ இஃது ஒரு வாழ்வு. ஒருவருக்குச் செலவாகும் நேரத்திலே எண்மரை நடக்கவைக்கலாம், எவருக்குங் குறைவின்றி என்பதன்றோ அதன் பொருள்?

அற்றேல் வீட்டிலேயே செய்யலாமே, அதுவுஞ் சமமாயிற்றே என்பர். அங்கே வீடு என்றது கண்காணிப்புள்ள வீட்டை. தன் வேலையைத் தானே பார்க்கக்கூடிய நோயாளருக்குத் தாமே செய்யும் அப்பியாசம் போதும் என்று மேற்சொன்ன இங்கிலாந்து வழிகாட்டியுங் கூறுகின்றது. அன்றாடக் கருமங்களுக்கு இடர்ப்படுவோருக்கே, கூட்டாகவேனுந் தனியாகவேனும் மேற்பார்வையோடு கூடிய பயிற்சியை அளிக்குமாறு விதிக்கின்றது. எம்மூர் வீடுகளின் நிலை யாது? பெரும்பாலான வீடுகளிலே பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ இருக்கின்றனர். வயோதிபர் இருவர், சில வீடுகளில் ஒருவர். பணம் வரும். கட்டிலும் வரும், கொமோட்டுக் கதிரையும் வரும். "இன்றைக்கு எத்தனை தரம் மடக்கினாய்?" என்று கேட்கும் ஆளை வங்கி மூலம் அனுப்புவதற்கு வழி இன்னும் ஏற்படவில்லை. உடனிருப்பவர் உளரேல் அவர் அன்பு தலையணையாக வந்து சேரும். நோவு கண்டு இரங்குவோர் நிறைந்த வீடு அப்பியாசத்துக்கு ஏற்ற இடமன்று. நோவை அறிந்தும் எண்ணிக்கை குறைக்காதவர் நிறைந்த அறையே ஏற்றது.

கூட்டத்திலே ஓர் ஆபத்து உண்டு. அதனை ஆசிரியர் எவரும் அறிவர். வகுப்பு முழுதுஞ் சேர்ந்து செய்யுளை ஓதும்போது, படியாத பையன் வாயை மாத்திரம் அசைப்பான். எம் எண்மருள்ளும் வாயசைத்தவர் உண்டு. எண்ணுவது உரத்துக் கேட்கும், குதிக்கால் நகராது. இதற்கு மருந்து, ஆசிரியர் மேசையை விட்டு எழுந்து வரிசைக்குள்ளே நடத்தல். எண்மர், மிஞ்சினாற் பதின்மர். அதற்கு மேற்பட்டால் அது வகுப்பன்று, கூட்டம். ரியூற்றரிகளிலே இருநூறு பேரை ஒலிவாங்கி வைத்துப் படிப்பிக்கும் வழக்கம் இத்துறைக்கும் வந்துவிடலாகாது. ஒவ்வொருவர் முழந்தாளையும் ஒவ்வொரு கிழமையும் பாகைமானி வைத்து அளந்து ஏட்டிற் குறித்தல் வேண்டும். அந்த இளம் பெண் அதனைத் தவறாமற் செய்தார். புள்ளி குறைந்தவர் நாணினர். நாணியவர் வீட்டிலுஞ் செய்தனர்.

எல்லாரையும் வகுப்பில் இருத்தலும் ஆகாது. காய்ச்சல் கண்டவர், புண்ணிலிருந்து நீர் கசிபவர், கெண்டைக்கால் திடீரென வீங்கி நோவெடுத்தவர், மூச்சு வாங்குபவர் ஆகியோர் அப்போதே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். நினைவு தடுமாறுவோருக்கும் வேறு பெருநோய் உடையோருக்குந் தனிக் கவனம் வேண்டும். இன்னொன்று: எம் பெண்கள் ஆடவர் நடுவே கட்டிலிற் படுத்துக் காலைத் தூக்குவதற்குக் கூசுவர். முதல் நாளே திரும்பிப் போனவர் ஒருவரை யான் அறிவேன். அந்தப் பாடங்களுக்கு மாத்திரம் பெண்களை வேறு நேரத்தில் அழைத்தாற் போதுமானது. இதனைச் சிறிய செய்தி என்று தள்ளுவோர் எம்மூரை அறியாதோர்.

இஃது எம் நாட்டிலே சிலருடைய சிக்கல் என்றும் எண்ணலாகாது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே 65 வயதும் அதற்கு மேலுமானோர் நூற்றுக்கு 7.9 பேர், 2024 ஆம் ஆண்டு மதிப்பிலே 12.6 பேர். பன்னிரண்டு ஆண்டிலே ஏற்பட்ட வேறுபாடு அது. தேயும் முழந்தாள்களும் அவ்வாறே பெருகும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து வைத்தியரும் பிறருமாகப் பலர் கடல் கடந்தனர். மருத்துவர் தொகை நோயாளர் தொகையைத் துரத்திப் பிடிக்கும் என்று காத்திருப்பதிற் பயனில்லை.

மாற்று முழந்தாள் எல்லாருக்கும் வேண்டுவதுமன்று. டென்மார்க்கிலே 2013 தொடக்கம் ஓர் ஏற்பாடு உண்டு. முழந்தாளோ இடுப்போ தேயத் தொடங்கியவரைச் சேர்த்து, நோயின் இயல்பை இரண்டு அமர்விலே விளக்கி, பின்னர் ஆறு கிழமையிற் பன்னிரண்டு முறை கூட்டாகப் பயிற்றுவர். பிற நாடுகளும் அதனை மேற்கொண்டன. சத்திர சிகிச்சை தேவைப்படாமற் போவோரும் உளர். தேவைப்படுவோர் வலுவுள்ள தசையோடு மேசைக்குச் செல்வர். எங்களுடைய வகுப்பிலும் வெட்டுமுன்னரே நால்வரை இருத்தியிருந்தால், பின்னர் அழுதவர் தொகை குறைந்திருக்கும்.

இதற்கு எத்தனை பொருள் வேண்டும்? கைப்பிடியுள்ள கதிரை பத்து, கைப்பிடியில்லாத கதிரை பத்து, நான்கு அங்குலப் பலகையும் ஆறு அங்குலப் பலகையும், பாகைமானி ஒன்று, சுவர் மணிக்கூடு ஒன்று, தமிழில் எழுதிய ஏடு ஒன்று. வைத்தியசாலையிலே இடமில்லையெனின் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கின்றது. பத்திரிகை வாசிக்க வருவோர் காலை ஒன்பது மணிக்கு மேல் அங்கே இல்லை. இயன்மருத்துவர் கிழமைக்கு ஒருமுறை வந்து அளந்து திருத்துவார். மற்றை நாளிலே முன்னே தேறியவர் சட்டாம்பிள்ளையாயிருப்பார். சத்திர சிகிச்சைக்கு நாள் குறிக்கும் அன்றே, எந்த வகுப்பிலே எந்தக் கிழமையிற் சேர்வது என்பதையும் அதே துண்டிலே குறித்துக் கொடுத்தல் வேண்டும். முச்சக்கர வண்டிக்குக் காசில்லாமல் நின்றுபோனவர் இருவர் எங்கள் எண்மருள்ளேயே உளர். ஊரிலேயே வகுப்பு இருந்தால் அவர்கள் நடந்தே வந்திருப்பர், நடத்தல்தானே பாடமும்.

எமது சனசமூக நிலையத்தாருடன் இதுபற்றிப் பேசினேன். மண்டபந் தருவதற்கு அவர்கள் உடன்பட்டனர். செவ்வாய்க்கிழமை காலை எவருக்குந் தேவைப்படாத நேரமாம். ஆனால் அம்மண்டபத்து வாசலிலே உயர்ந்த படிகள் மூன்று உள்ளன; பிடித்து ஏறக் கைப்பிடி இல்லை. மேசன் ஒருவரை அழைத்து வருவதாகத் தலைவர் சொல்லியிருக்கின்றார்.